திரும்புகிறவர்களுக்கான மஞ்சள் பட்டை

என் தம்பிக்கு அரைக்கிணறு என்று பெயர் வைத்தவள் நான்தான். அப்போது அவனுக்குப் பதினெட்டு வயது, எனக்கு இருபத்திரண்டு. பாலிடெக்னிக் படிப்பை இரண்டாம் வருஷத்தோடு விட்டுவிட்டு, டிரங்குப் பெட்டியும் கையுமாக வாசலில் வந்து நின்றான். "வந்துட்டாரு பாரு, அரைக்கிணறு தாண்டினவரு" என்றேன். அப்பா சிரித்தார். அழுதுகொண்டிருந்த அம்மாகூடச் சிரித்துவிட்டாள். அன்றோடு பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு வாரத்தில் தெருவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தது.

பெயருக்குத் தகுந்த மாதிரிதான் அவனும் நடந்துகொண்டான், சும்மா சொல்லக்கூடாது. தச்சுப் பட்டறையில் எட்டு மாதம் இருந்தான். அவன் செய்த நாற்காலி ஒன்று இன்னமும் எங்கள் வீட்டில் இருக்கிறது, கை வைக்காமல். கல்யாணமும் அப்படித்தான் ஆனது. இரண்டு வருஷம், மூன்று மாதம். அந்தப் பெண் நல்லவள். ஒரு நாள் துணிமணியை எடுத்துக்கொண்டு அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போய்க் கூட்டிக்கொண்டு வாடா என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். போனான். அவர்கள் தெருமுனை வரைக்கும் போய்விட்டு, அங்கிருந்த கடையில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. அந்தப் பெயரைச் சொல்லித்தான் திட்டியிருப்பேன், வேறென்ன.

எங்கள் ஊருக்கு வெளியே இரண்டு கிலோமீட்டரில் ஓர் அணைக்கட்டு இருக்கிறது. அதன் மதகுக்குப் பக்கத்திலிருந்து ஒரு மலைப் பாதை தொடங்குகிறது. முந்நூற்று நாற்பது கிலோமீட்டர். மேடும் பள்ளமும் பாறையும் ஆறுமாகப் போய், கடலோரத்தில் கலங்கரை விளக்கத்தின் அடியில் முடிகிறது. ஒரு நாள் நடைக்கு ஒன்றாக வழியில் இருபத்தாறு குடில்கள். ஒவ்வொரு குடிலிலும் ஒரு காவலர் இருப்பார். நடக்கிறவர்களின் கையேட்டில் முத்திரை குத்துவார், சாயங்காலம் வயர்லெஸ்ஸில் நடைபயணச் சங்கத்து அலுவலகத்துக்குப் பெயர்களைச் சொல்லுவார். பாதி வழியில் முட்டி போய், கொப்புளம் உடைந்து, மனசு உடைந்து ரோட்டுக்கு இறங்கி பஸ் பிடிக்கிறவர்கள்தான் அதிகம்.

மனைவி பிரிந்து போன அதே வருஷம் என் தம்பி அந்தப் பாதையில் ஏறினான். அப்போது அவன் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலையில் இருந்தான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்றாம் குடிலோடு வந்துவிடுவான் என்று அடுப்பைக்கூட அணைக்காமல் காத்திருக்காத குறைதான். இருபத்தெட்டாவது நாள் வந்தான். கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, ஆளே பாதியாகியிருந்தான். முதுகுப்பையைக்கூட இறக்காமல் உள்ளே வந்து, கையேட்டை மேஜையில் விரித்து வைத்தான். இருபத்தாறு முத்திரை. ஒன்றும் குறையவில்லை.

நான் தரையைப் பார்த்தேன். வாசலிலிருந்து மேஜை வரைக்கும் சேறு.

"பூட்ஸை வெளிய கழட்டுடா" என்றேன்.

அதைத்தான் சொன்னேன். அவன் வாழ்க்கையில் முதல் முறையாக ஒன்றை முழுசாக முடித்துவிட்டு வந்து நிற்கிறான், அக்கா வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான். அவன் போய்க் கழட்டி வைத்தான். என் வாய் அப்படி. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பது வருஷம். ஆவி கக்கும் இயந்திரங்களின் இரைச்சலில் கத்திக் கத்தி, நல்லதைச் சொன்னாலும் சண்டை போடுகிற மாதிரிதான் சொல்லத் தெரியும். நல்லதைச் சொல்லாமலே விட்டதுதான் அதிகம்.

அடுத்த வருஷமே நடைபயணச் சங்கம் அவனை வேலைக்கு வைத்துக்கொண்டது. பாதை நெடுக அடையாளம் போடுகிற வேலை. கையகல மஞ்சள் பட்டை. கல்லில், மரத்தில், பாலத்துத் தூணில். மழையும் பாசியும் ஒரே வருஷத்தில் தின்றுவிடும் என்பதால் வருஷா வருஷம் புதுசாகப் போட வேண்டும். முதுகில் பை, ஒரு கையில் பெயிண்ட் டப்பா, இடுப்பில் பாசியைச் சுரண்டும் கம்பி பிரஷ். பனி விட்டதும் ஏறுவான். கலங்கரை விளக்கத்தில் இறங்கி, பஸ்ஸில் வந்து, ஒரு வாரம் தூங்கிவிட்டு மறுபடி ஏறுவான். இருபத்திரண்டு வருஷம் அப்படி நடந்தான்.

அந்த வேலையில் அவனிடம் ஒரு நுணுக்கம் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். காலையில் நடக்கிறவன் தலை நிமிர்ந்து நடப்பானாம். அதனால் குடிலை விட்டுக் கிளம்பும் தூரத்தில் பட்டையை மரத்தில் உயரமாகப் போடுவான். சாயங்காலம் அலுத்துப்போனவன் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நடப்பானாம். அங்கே தரையோடு கிடக்கும் கற்களில் போடுவான். ஒரு நாள் சாப்பிடும்போது இதைச் சொன்னான். அவன் அந்த வருஷம் என்னிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

மற்றபடி வீட்டில் பேச்சே கிடையாது. என் கணவர் கல்யாணமான நாலாம் வருஷமே போய்விட்டார், பிள்ளை இல்லை. அப்பா அம்மா போன பிறகு இரண்டு அறையும் ஒரு அடுக்களையுமாக இருந்த அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர். அதிலும் வருஷத்தில் ஏழு மாதம் நான் மட்டும். வேலை விட்டு வந்து விளக்கைப் போட்டதும் ரேடியோவைத் திருப்பி விடுவேன். கேட்பதற்கு இல்லை, வீட்டில் யாரோ பேசிக்கொண்டிருக்கட்டும் என்றுதான். அவன் மழைக்காலத்தில் திரும்பி வந்ததும் ரேடியோவை நிறுத்திவிடுவான். பிறகு இரண்டு பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவோம்.

கிளம்பும்போது வாசலில் நின்று "போறேன்" என்பான்.

"போய்ட்டு வரேன்னு சொல்லித் தொலையேன்டா. வாய்ல முத்தா உதிர்ந்துடும்?"

சொல்லமாட்டான். போய்விடுவான்.

சங்கத்துச் செயலாளர் ஒருமுறை வீட்டுக்கு வந்திருந்தார். தங்கமான மனுஷர், எதையும் தயங்கித் தயங்கித்தான் கேட்பார். "மஞ்சள் எல்லாம் போற பக்கத்துல மட்டும்தான் தெரியுது. திரும்பி வர்றவங்களுக்கும் கல்லோட அந்தப் பக்கத்துல ஒண்ணு போட்டுட்டா நல்லதில்லையா?" என்றார்.

"திரும்பறவனுக்கு எதுக்கு சார் அடையாளம்?" என்றான் என் தம்பி. "அடையாளம் இருந்தா திரும்பத்தான் தோணும். இல்லைன்னா முன்னாடி போவான், போய்ச் சேருவான்."

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் டம்ளரைக் கழுவப் போய்விட்டேன். அவன் ஏன் அப்படிச் சொல்கிறான் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

போன வருஷம், எனக்கு ஐம்பத்தாறு முடிந்தபோது, அந்தப் பாதையில் நானும் நடந்தேன். எல்லாம் ஒரு வீம்புதான். அவன் கிளம்புகிற அன்றைக்கு, "வருஷத்துல ஏழு மாசம் அப்படி அங்க என்னடா இருக்கு?" என்று கேட்டேன். "உனக்குச் சொன்னா புரியாது. உன்னால மூணாம் குடிலைத் தாண்ட முடியாது" என்றான். அவன் போய் பத்து நாள் அந்தப் பேச்சு மண்டையைக் குடைந்தது. பதினோராம் நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, புது பூட்ஸ் வாங்கிக்கொண்டு மதகிலிருந்து ஏறிவிட்டேன்.

முதல் இரண்டு நாள் உயிர் போனது. மூன்றாம் நாள் ஏதோ ஒன்று அடங்கியது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை, யாரையும் பார்த்து நான் கத்தவில்லை. ஒரு மஞ்சள் பட்டை, அப்புறம் அடுத்த மஞ்சள் பட்டை. கால் வலித்து நான் குனிந்தபோதெல்லாம் சரியாகக் கண்ணுக்கு நேரே ஒன்று இருந்தது. என் தம்பி எனக்கு முன்னால் நடந்துகொண்டே பேசுகிற மாதிரி இருந்தது. வீட்டில் பேசாதவன் மலை முழுக்கப் பேசி வைத்திருக்கிறானே என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உட்கார்ந்து அழுதேன்.

மூன்றாம் குடிலைத் தாண்டினேன். அவன் முகத்தில் கரியைப் பூசிவிட்டேன் என்று நாலாம் நாள் காலையில் ஒரே குஷி. ஒன்றரை மணி நேரம் நடந்திருப்பேன். குதிகாலில் கொப்புளம் உடைந்து பூட்ஸுக்குள் ரத்தம் நசநசத்தது. அந்த இடம் ஒரே பாறைவெளி. காலடித் தடம் என்று எதுவும் பதியாது. மூடுபனி வேறு இறங்கியது. போதும், மூன்றாம் குடிலுக்கே திரும்பிவிடலாம் என்று திரும்பினேன்.

எல்லாக் கல்லும் சாம்பல் நிறமாக இருந்தது.

வரும்போது பத்தடிக்கு ஒன்றாக மஞ்சள் தெரிந்த கற்கள்தான். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றிலும் ஒன்றுமில்லை. ஒவ்வொரு கல்லையும் சுற்றிப் போய் அந்தப் பக்கம் பார்த்தேன். ஏழு கல் வரைக்கும் கண்டுபிடித்தேன். எட்டாவதில் இல்லை, ஒன்பதாவதிலும் இல்லை. சரி, ஏழாவதுக்கே போகலாம் என்றால் அது எது என்று தெரியவில்லை. கத்திப் பார்த்தேன். முப்பது வருஷம் இயந்திரத்தை மீறிக் கத்திய தொண்டை, அந்தப் பனியில் பத்தடி போகவில்லை. பிறகு ஒரு சரிவில் கால் வழுக்கிற்று. கணுக்காலில் எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது.

ஒன்றரை நாள் அங்கே கிடந்தேன். நாலாம் குடிலுக்கு நான் வரவில்லை என்றதும் தேடத்தான் செய்தார்கள், ஆனால் நாலாம் குடிலை ஒட்டி, முன்பக்கமாகவே தேடினார்கள். இந்தப் பாதையில் யாரும் திரும்பமாட்டார்கள் என்று அவர்களுக்கும் பழகிப்போயிருந்தது. கடைசியில், ஓடிப்போன ஆட்டைத் தேடி வந்த ஒரு பெண்தான் என்னைப் பார்த்தாள். "ஆடுன்னு நெனச்சேன்மா" என்றாள். இருந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

தம்பிக்குச் சொல்லவேண்டாம் என்று செயலாளரிடம் நான்தான் சொன்னேன். வெட்கம். அவன் கலங்கரை விளக்கத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவனிடம் சொன்னார்கள். வீட்டுக்கு வந்தபோது நான் மாவுக்கட்டோடு காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தேன். அவன் செய்த, கை வைக்காத நாற்காலியில்தான். பையோடு எதிரே நின்றான். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"எந்த இடத்துலக்கா?" என்றான்.

"மூணுக்கும் நாலுக்கும் நடுவுல. பாறையில."

"அங்க நெறய போட்டிருக்கேனே. பத்தடிக்கு ஒண்ணு."

"நான் திரும்பினேன்டா."

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். என் நாக்கில் அன்றைக்குச் சனி உட்கார்ந்திருந்தது.

"திரும்பி வர்றவங்க எல்லாம் மனுஷங்க இல்லையா? இருபத்திரண்டு வருஷம் கல்லோட ஒரு பக்கத்துக்கு மட்டும் பெயிண்ட் அடிச்சுட்டு, முழுசா முடிச்சேன் முழுசா முடிச்சேன்னு நிமிர்ந்து நடக்கிற. பாதி வேலைதான்டா பார்த்திருக்க. இதுலயும் நீ அரைக்கிணறுதான்."

அவன் முகத்தைப் பார்த்ததும் சொன்னதை அப்படியே விழுங்கிவிட முடியாதா என்று இருந்தது. அவன் பையை இறக்கி வைத்தான். கொல்லைப்புறம் போய் பிரஷ்களைக் கழுவ ஆரம்பித்தான். ஏற்கெனவே கழுவின பிரஷ்கள். ரொம்ப நேரம் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்தக் கோடை முழுக்க அவன் மலைக்குப் போகவில்லை. எனக்குச் சமைத்தான், தலை வாரினான், கட்டுப் பிரித்த பிறகு கையைப் பிடித்து அறைக்குள் நடக்க வைத்தான். கால் நேராகவில்லை. இடது பக்கம் சாய்ந்துதான் இன்றைக்கும் நடக்கிறேன். சலவைக்கூடத்தில் நிற்கும் வேலையிலிருந்து எடுத்து, உட்கார்ந்து விரிப்பு மடிக்கும் மேஜையில் போட்டார்கள். தெருக்கோடியில் பஸ் நிற்கும், ஆஸ்பத்திரியில் இறங்குவேன். அதைவிட்டால் வீடு. சொன்னதற்கு ஒரு வார்த்தை வருத்தம் சொல்லியிருக்கலாம். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மூன்று மாதம் ஓடிவிட்டது.

மழைக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு நாள் விடிந்ததும் அவன் டப்பாக்களை எடுத்து வாசலில் வைத்தான்.

"எங்கடா இந்நேரத்துல? சீசன் முடியப்போகுது."

"மறுபக்கம் போடணும்."

"அடுத்த வருஷம் போடலாம். மழை வந்துடும், காவலர் எல்லாம் இறங்கிடுவாங்க."

"பாதி வேலைன்னு நீதானே சொன்ன" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. "போறேன்" என்று படியிறங்கினான். போய்ட்டு வரேன்னு சொல்லு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மறுபக்கம் போடுவதற்கு ஒவ்வொரு கல்லையும் தாண்டிப் போய், திரும்பி நின்று, வந்த வழியைப் பார்த்துப் போட வேண்டும். அதனால் ஒரு நாள் தூரத்துக்கு ஒன்றரை நாள் ஆனது. வேலை விட்டதும் நான் தினமும் சங்கத்து அலுவலகத்துக்குப் போனேன். அச்சகத்துக்கு மேலே ஒரே அறை, செங்குத்தான பதினேழு படி. சுவரில் பாதையின் பெரிய வரைபடம் இருந்தது. சாயங்காலம் வயர்லெஸ் கரகரத்ததும் செயலாளர் ஒரு குண்டூசியை எடுத்து நகர்த்துவார். "அஞ்சு தாண்டிட்டார்." "ஒன்பது தாண்டிட்டார்." குண்டூசியைப் பார்த்துவிட்டுப் படியிறங்குவேன். அந்தப் பதினேழு படி இறங்குவதற்குள் அடுத்த நாளுக்கான கவலை தொடங்கிவிடும்.

பன்னிரண்டாம் குடிலை அவன் தாண்டிய அன்றைக்கு, மூன்று நாள் முந்தியே மழை பிடித்துக்கொண்டது. காவலர்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். குடில்களைப் பூட்டமாட்டார்கள், வழி தவறினவன் ஒதுங்குவதற்காகத் தாழ் மட்டும் போட்டிருக்கும். உள்ளே கொஞ்சம் விறகும் சாப்பாட்டு டின்களும் இருக்கும். ஆனால் வயர்லெஸ்ஸில் பேச யாரும் இல்லை. குண்டூசி பன்னிரண்டிலேயே நின்றது.

"பதினஞ்சாம் குடில்கிட்ட ரோடு இருக்கும்மா. அங்க இறங்கிடுவார்" என்றார் செயலாளர்.

"நடுவுல ஆறு இருக்கே."

அவர் வரைபடத்தைப் பார்த்தார். பதிமூன்றுக்கும் பதினாலுக்கும் நடுவே ஒரு நீலக் கோடு. பாலம் கிடையாது, கல்லில் கால் வைத்துத் தாண்ட வேண்டிய ஆறு. "வெள்ளம் வந்தா யாரும் எறங்க மாட்டாங்கம்மா. திரும்பிடுவாங்க" என்றவர், சட்டென்று நிறுத்திக்கொண்டார். அவர் யாரைப் பற்றிப் பேசுகிறார் என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது.

பதினேழு நாள். ரோட்டுப் பக்கத்திலிருந்து ஏறி ஆற்றின் அக்கரை வரைக்கும் தேடினார்கள். ஆளும் இல்லை, தடமும் இல்லை. தண்ணீர் கரை புரண்டு ஓடுகிறது என்றார்கள். மடிப்பு மேஜையில் விரிப்பை விரித்துவிட்டு எப்படி மடிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அவன் அந்த ஆற்றங்கரையில் நிற்பது எனக்குத் தெரிந்தது. ஒரு காலைத் தண்ணீரில் வைப்பது தெரிந்தது. திரும்பி வந்தால் அக்கா என்ன சொல்லுவாள் என்று அவன் யோசிப்பது தெரிந்தது. வேண்டாண்டா, வந்துடுடா என்று இயந்திரங்களுக்கு நடுவே வாய்விட்டுச் சொன்னேன். யாருக்கும் கேட்டிருக்காது.

அந்த நாட்களில் பக்கத்து வீட்டு டீச்சர் வேறு வந்து நின்றாள். அவள் வீட்டுச் சுவரில் எவனோ மஞ்சள் பெயிண்டைத் தடவிவிட்டானாம், சுரண்டினாலும் போகவில்லையாம். "எந்தக் கழுதை தடவிச்சோ, என்னை ஏன்டி கேக்கற? என் தம்பி எங்க இருக்கான்னே தெரியல, உன் சுவருதான் எனக்குக் கேடு" என்று விழுந்து பிடுங்கினேன். பாவம், போய்விட்டாள்.

பதினெட்டாம் நாள் மத்தியானம், லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ரேடியோ யாருக்கோ பேசிக்கொண்டிருந்தது. வாசலில் தகர டப்பாவின் கைப்பிடி கிணுங்கிற்று. முப்பது தப்படி தூரத்திலும் எனக்கு அந்தச் சத்தம் தெரியும். எழுந்து ஓடினேன். ஓடினேன் என்றால், சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டினேன்.

படிக்குக் கீழே நின்றான். உள்ளே வரவில்லை. இடுப்பு வரைக்கும் சேறு, தாடியில் மஞ்சள்.

"பதிமூணோட திரும்பிட்டேன்க்கா" என்றான். "ரெண்டு நாள் ஆத்துக்கு எதிர்ல நின்னேன். முன்னன்னா எறங்கியிருப்பேன். திரும்பிப் பார்த்தேன், பின்னாடி கல்லுல நான் போட்ட மஞ்சள் தெரிஞ்சுது. சரின்னு அதைப் பிடிச்சுக்கிட்டு நடந்தேன். ஒரே பனி, எதுவும் தெரியல. மஞ்சளை மட்டும் பார்த்துக்கிட்டே வந்தேன், வாசல் வரைக்கும்."

கொஞ்சம் பொறுத்து, "பாதிதான் முடிஞ்சுது" என்றான்.

சொல்லிவிட்டு நின்றான். நான் சொல்லப்போவதற்காகக் காத்துக்கொண்டு நிற்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. ஐம்பத்திரண்டு வயசு ஆள், பாதி நரைத்த தாடியோடு, பதினெட்டு வயசில் டிரங்குப் பெட்டியோடு நின்ற அதே இடத்தில் நின்றான். அவன் கையைப் பிடித்து இழுத்து உள்ளே நாற்காலியில் உட்கார வைத்தேன். தரை முழுக்கச் சேறு. வராத காலை மடக்கிக் கீழே உட்கார்ந்து, அவன் பூட்ஸ் கயிற்றை நானே அவிழ்த்தேன். நனைந்து இறுகிக் கல்லாகியிருந்தது, பல்லால் கடித்து இழுத்தேன்.

"விடுக்கா, நான் கழட்டிக்கறேன்."

"சும்மா இருடா" என்றேன். "அந்தப் பேரு இனிமே கிடையாது. அன்னிக்கு நான் சொன்னது தப்பு. கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றான். அவன் கால் விரல்கள் வெளுத்து ஊறிப்போயிருந்தன. மடியில் வைத்துத் துடைத்தேன். ரேடியோவை நிறுத்த இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

பனி விட்டதும், இந்த வருஷம் மிச்சத்தைப் போடக் கிளம்பினான். அவன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், தடியை ஊன்றிக்கொண்டு அணைக்கட்டு வரைக்கும் நானும் கூடப் போனேன். கால் உடைந்ததிலிருந்து அந்தப் பக்கம் நான் போகவேயில்லை. இரண்டு கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. எனக்காக மெதுவாக நடந்தான். மதகுக்குப் பக்கத்தில் நின்றான்.

"போய்ட்டு வரேன்க்கா" என்றான்.

நான் கேட்காமலே சொன்னான். தலையை ஆட்டினேன். அவன் முதுகுப்பை மரங்களுக்குள் மறைகிற வரைக்கும் நின்றுவிட்டு, வீட்டைப் பார்க்கத் திரும்பினேன். மறுபடி ஏழு மாதம் தனி என்ற நினைப்பு அப்போதே நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது.

திரும்பியதும், மதகுச் சுவரின் மூலையில் கையகலத்துக்கு ஒரு மஞ்சள் பட்டை. வந்த பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது. பாதை இங்கேதானே தொடங்குகிறது, இதற்குப் பின்னால் எதற்கு அடையாளம் என்று நினைத்தபடி நடந்தேன். பம்ப் ஹவுஸ் சுவரில் இன்னொன்று. வளைவில் இருந்த விளக்குக் கம்பத்தில், இடுப்பு உயரத்தில் ஒன்று. எங்கள் தெருவுக்குள் திரும்பும் இடத்தில் குடிதண்ணீர்த் தொட்டியில் ஒன்று. டீச்சர் வீட்டுச் சுவரில் சுரண்டியும் போகாத ஒன்று. அன்றைக்கு விடிந்ததும் படியிறங்கியவன், மலைக்குப் போய் ஆரம்பிக்கவில்லை. இங்கிருந்தே ஆரம்பித்திருக்கிறான்.

கடைசிப் பட்டை எங்கள் கேட்டுத் தூணில் இருந்தது. சாயங்காலம் அலுத்து வருகிறவன் கண்ணில் படட்டும் என்று, தரையோடு, கீழே. பஸ் நிறுத்தத்துப் பக்கமிருந்தே தினமும் வந்துபோன எனக்கு அது இத்தனை மாதமாகத் தெரியவில்லை. தடியைச் சாத்திவிட்டு அதன் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து டீச்சர் வீட்டுக்குப் போய், அந்தச் சுவரைச் சுரண்டவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.